திருவெலும்பு வளராமல் பிறந்த குழந்தை: கண்டறிவது முதல் சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

இடுப்பு வளையத்தின் பின்பக்கத்தைத் தாங்கி நிற்பது திருவெலும்பு. முதுகெலும்பின் அடியில் ஐந்து எலும்புகள் ஒட்டி முக்கோணமாக உருவாகும் இது, இரண்டு பக்கமும் இடுப்பெலும்புகளோடு பிணைந்து மேலுடம்பின் பாரத்தைக் கால்களுக்கு இறக்குகிறது. அரிதாகச் சில குழந்தைகள் இந்த எலும்பின் ஒரு பகுதி இல்லாமலோ, முழுவதுமே இல்லாமலோ பிறக்கிறார்கள். மருத்துவச் சீட்டில் 'சேக்ரல் அஜெனிசிஸ்' என்று எழுதியிருப்பார்கள். குறை மேலே இடுப்பு முதுகெலும்பு வரை ஏறியிருந்தால் 'காடல் ரிக்ரெஷன்' என்ற பெயர் வரும். ஏறக்குறைய 25,000 பிறப்புகளில் ஒன்று என்பது நூல்களில் பொதுவாகக் காணும் கணக்கு.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை நடக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. பெரும்பாலான குழந்தைகளுக்கு விடை 'நடக்கும்' என்பதே. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "சிறுநீர்ப்பை எப்படி இருக்கிறது?" சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் திருவெலும்பின் 2, 3, 4-ஆம் கண்ணி (ஒட்டியிருக்கும் ஐந்து எலும்புகளில் ஒவ்வொன்றும் ஒரு கண்ணி) மட்டத்திலிருந்து வருபவை. எலும்பு வளராத இடத்தில் அந்த நரம்புகளும் பெரும்பாலும் சரியாக வளர்வதில்லை. எலும்புக் குறை அப்படியே நிற்கும், மோசமாகாது. கவனிக்காமல் விட்ட சிறுநீர்ப்பையோ சில வருடங்களில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. பெற்றோருக்காக எழுதியது என்றாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தகைய குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும் இளம் மருத்துவருக்கும் உதவும்.

முதல் படி: உடையைக் கழற்றி, குப்புறப் படுக்க வைத்துப் பாருங்கள்

பெரிய குறையோடு பிறந்த குழந்தையை யாரும் தவறவிட மாட்டார்கள். கால்கள் மெலிந்து, முழங்கால் மடங்கி, அதன் பின்பக்கம் தோல் சவ்வுபோல இழுத்துக் கட்டியிருக்கும். தவறிப்போவது சிறிய குறை. அந்தக் குழந்தை கையைக் காலை நன்றாக அசைக்கும், தவழும், காலம் வந்ததும் நடக்கும். நான்கைந்து வயதாகியும் துணி நனைவது நிற்கவில்லை என்று அழைத்து வரும்போதுதான் விஷயம் வெளிவரும். அதற்குள் இரண்டு மூன்று முறை காய்ச்சல் வந்து, 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மருந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் அடையாளம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். புட்டம் தட்டையாக இருக்கும். இரு புட்டங்களுக்கு நடுவிலுள்ள பிளவு வழக்கம்போல மேலே வரை போகாமல் பாதியிலேயே முடிந்துவிடும். இருபக்கமும் சிறு குழி விழுந்திருக்கலாம். பிளவின் மேல்முனையில் விரலை வைத்து நடுக்கோட்டில் தடவினால், எலும்பு தட்டுப்பட வேண்டிய இடம் மெத்தென்று இருக்கும். ஆசனவாய் சரியான இடத்தில், சரியான அளவில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உணர்ச்சி இருக்கிறதா என்று கிள்ளிப் பார்த்து, 'நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது' என்று முடிவுகட்டுவது இங்கே பெரிய பொறி. இந்தக் குறையில் தசையை இயக்கும் நரம்புகள்தான் அதிகம் அடிபடும், தொடு உணர்ச்சி பெரும்பாலும் தப்பிவிடும். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இயல்பாக இருக்கும் குழந்தைக்கும் சிறுநீர்ப்பை முழுக்கக் கட்டுப்பாடு இழந்திருக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: இடைவெளி இல்லாமல் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும் சிறுநீர், அழும்போதோ தூக்கும்போதோ ஒழுகுவது, ஆண் குழந்தைக்கு நீளமான தாரையாக ஒருமுறைகூடப் போகாதது, பிறந்ததிலிருந்தே விடாத மலச்சிக்கல். இவற்றில் ஒன்றும் தட்டையான புட்டமும் சேர்ந்து இருந்தால் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் படி: எக்ஸ்ரே, அதிலும் பக்கவாட்டில்

நேராக எடுத்த படம் மட்டும் போதாது. குடலில் உள்ள காற்றும் மலமும் திருவெலும்பை மறைத்துவிடும். இடுப்பு முதுகெலும்பையும் திருவெலும்பையும் சேர்த்துப் பக்கவாட்டில் ஒரு படம் கேளுங்கள். கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

படிக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறலாம். வால் எலும்பு கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருப்பது சாதாரணம், ஏனென்றால் அது குருத்தெலும்பாகவே இருந்து மெதுவாகத்தான் எலும்பாகிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதேபோல், முதல் திருவெலும்புக் கண்ணியின் பின்வளைவு மூடாமல் தெரிவதை 'ஸ்பைனா பிஃபிடா ஆக்கல்டா' என்று அறிக்கையில் எழுதுவார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலருக்கும் இது தற்செயலாகத் தெரியும். தோலில் குறியும் சிறுநீர்த் தொல்லையும் இல்லாதபோது இதற்குத் தனியாக எந்த மதிப்பும் இல்லை.

திருவெலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளக்க ஆல்பர்டோ பெனியா என்ற குழந்தை அறுவை நிபுணர் வகுத்த விகிதம் ஒன்று உண்டு. இடுப்பெலும்புகளின் உச்சியைச் சேர்த்து ஒரு கோடு, இடுப்பும் திருவெலும்பும் சேரும் மூட்டுகளின் அடிமுனையைச் சேர்த்து ஒரு கோடு, திருவெலும்பின் கடைசி முனையில் மூன்றாவது கோடு. கீழ் இரண்டு கோடுகளின் இடைவெளியை மேல் இரண்டு கோடுகளின் இடைவெளியால் வகுக்க வேண்டும். இயல்பான அளவு நேர்ப்படத்தில் 0.74, பக்கவாட்டுப் படத்தில் 0.77. 0.4-க்குக் கீழே போனால் மலக்கட்டுப்பாடு தானாக வருவது கடினம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எலும்பின் அமைப்பை வைத்து 1978-இல் தாமஸ் ரென்ஷா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் நான்கு வகைகளாகப் பிரித்தார். இன்றும் அறிக்கைகளில் அதுதான் வரும். முதல் வகையில் ஒரு பக்கம் மட்டும் குறை. இரண்டாம் வகையில் இரு பக்கமும் ஒரே அளவில் குறை, ஆனால் முதல் கண்ணி இருப்பதால் இடுப்பெலும்போடு உறுதியான பிணைப்பு உண்டு. அதிகம் காண்பது இந்த வகையே. மூன்றாம் வகையில் திருவெலும்பு முழுவதும் இல்லை, மிஞ்சிய கடைசி முதுகெலும்பின் பக்கங்களில் இடுப்பெலும்புகள் வந்து சேர்ந்திருக்கும். நான்காம் வகையில் இரண்டு இடுப்பெலும்புகளும் நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட, முதுகெலும்பு அவற்றின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு வகையினர் பெரும்பாலும் நடப்பார்கள். கடைசி இரண்டு வகைகளில் நடை அரிது, உட்காருவதே முதல் சவாலாகிவிடும்.

இந்த வகைப்பாட்டை ஒரு விஷயத்துக்கு மட்டும் நம்பாதீர்கள். எத்தனை கண்ணி இல்லை என்பதை வைத்துச் சிறுநீர்ப்பை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கடைசி இரண்டு கண்ணிகள் மட்டுமே இல்லாத குழந்தையின் சிறுநீர்ப்பை ஆபத்தான அழுத்தத்தில் இருக்கலாம்.

இடுப்பு எக்ஸ்ரேயில் கண்ணில்படும் வேறு சில அரிய பிறவி அமைப்புகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பின் அருகே விரல் போலவோ விலா எலும்பு போலவோ நீட்டிக்கொண்டிருக்கும் உபரி எலும்பை 'பெல்விக் டிஜிட்' என்பார்கள். 1974-இல் முதன்முதலாகப் பதிவான இது தீங்கற்றது. பழைய அடிபட்ட காயம் என்றோ கட்டி என்றோ குழப்பிக்கொண்டு கத்தியை எடுக்காமல் இருந்தாலே போதும். இடுப்பெலும்பின் பின்புறத்தில் இரு பக்கமும் கொம்புபோல எலும்பு முளைத்திருந்தால் நகத்தையும் முழங்கால் சில்லையும் பாருங்கள். 'நெயில் படெல்லா' என்ற பரம்பரைக் கோளாறின் அடையாளம் அது, சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். முன்பக்கம் இடுப்பெலும்புகள் சேராமல் அகன்று, சிறுநீர்ப்பை வெளியே திறந்தபடி பிறப்பது 'பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி'. அது தனியாகவே எழுத வேண்டிய பெரிய விஷயம்.

மூன்றாம் படி: சிறுநீர்ப் பாதையை முழுமையாகப் பரிசோதிப்பது

எலும்பு இல்லை என்று உறுதியான அன்றே இது தொடங்க வேண்டும். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் படி இது.

முதலில் வயிற்று அல்ட்ராசவுண்ட். இரண்டு சிறுநீரகமும் இருக்கின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டிக் குதிரை லாட வடிவில் இருக்கின்றனவா, வீங்கியிருக்கின்றனவா, சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்றெல்லாம் தெரியும். ஒரு சிறுநீரகம் மட்டுமே உள்ள குழந்தைகளும் இவர்களில் இருக்கிறார்கள்.

அடுத்தது எம்.சி.யு. என்று சொல்லும் படம். சிறு குழாய் வழியாக மருந்து நீரைப் பைக்குள் செலுத்தி, அது சிறுநீரகத்துக்குத் திரும்பி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரகத்தில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருக்கிறதா என்று அறிய டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன்.

இவற்றில் தலையாயது யூரோடைனமிக்ஸ். பையை மெல்ல நிரப்பிக்கொண்டே உள்ளே அழுத்தம் எப்படி ஏறுகிறது, எந்த அழுத்தத்தில் ஒழுகத் தொடங்குகிறது என்று அளக்கும் சோதனை. எட்வர்ட் மெக்குவையர் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, 40 சென்டிமீட்டர் நீரழுத்தம் என்பது எல்லைக்கோடாக நிலைத்துவிட்டது. அதற்கு மேல் போனால்தான் ஒழுகும் என்ற நிலையிலுள்ள பை, நாள்தோறும் சிறுநீரகத்தை எதிர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒழுகாத குழந்தை நலமாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நன்றாக ஒழுகும் குழந்தையின் சிறுநீரகம் தப்பித்துவிடும். துணி காய்ந்தே இருக்கும் குழந்தையின் பை உள்ளே இறுகிக்கிடக்கலாம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். தசை குறைந்த குழந்தைக்கு அந்த எண் உண்மையைவிட நல்லதாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். சிஸ்டாட்டின் சி என்ற சோதனை கிடைத்தால் சேர்த்துப் பார்க்கலாம். ரத்த அழுத்தத்தைக் குழந்தையின் கைக்குத் தகுந்த பட்டையால் அளக்க வேண்டும்.

நான்காம் படி: எம்.ஆர்.ஐ.

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை முதுகெலும்பின் பின்வளைவுகள் முற்றவில்லை என்பதால், அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடத்தைப் பார்க்கலாம். மயக்க மருந்து தேவையில்லை. அதன் பிறகும், அல்லது சந்தேகம் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.

தேட வேண்டியது தண்டுவடத்தின் முனை. 1993-இல் டாக்லிங் பாங் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் இதில் இரண்டு வகை உண்டு என்று காட்டினார். ஒரு வகையில் தண்டுவடம் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே மொட்டையாக முடிந்துவிடும். இங்கே எலும்புக் குறை பெரிதாக இருக்கும், நரம்புக் குறையும் இருக்கும், ஆனால் நாளாக நாளாக அது அதிகமாகாது. இன்னொரு வகையில் தண்டுவடம் நீண்டு, கீழே கொழுப்பாலோ தடித்த நாராலோ கட்டப்பட்டிருக்கும். இங்கே எலும்புக் குறை சிறியது. குழந்தை உயரம் கூடக் கூடக் கட்டப்பட்ட தண்டுவடம் இழுபட்டு, நன்றாக இருந்த கால் பலவீனமாகும். ஆக, எலும்புக் குறை சிறியது என்று அசட்டையாக இருக்கும் இடத்தில்தான் பின்னால் மோசமாகும் வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாம் வகைக்கு, கட்டை விடுவிக்கும் அறுவை சிகிச்சை பயன் தரும்.

எம்.ஆர்.ஐ. கேட்பதற்கு இன்னொரு அவசரக் காரணம் குர்ராரினோ கோளாறு. அரிவாள்போல ஒரு பக்கம் மட்டும் வளைந்து தேய்ந்த திருவெலும்பு, அதற்கு முன்னால் ஒரு கட்டி, குறுகிய ஆசனவாய் என்று மூன்றும் சேர்ந்து வருவது. கைடோ குர்ராரினோ 1981-இல் இதைத் தனிக் கோளாறாக விவரித்தார். அந்தக் 'கட்டி' சில சமயம் டெரட்டோமா, அதாவது பலவகைத் திசுக்கள் கலந்து வளர்ந்த கட்டி. சில சமயம் தண்டுவட உறையே முன்பக்கமாகப் பிதுங்கி வந்திருக்கும். அது தெரியாமல் கத்தி வைத்தாலோ ஊசி குத்தினாலோ மூளைக்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்ததிலிருந்து கடும் மலச்சிக்கல் உள்ள குழந்தைக்கு ஆசனவாய் அறுவை செய்வதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுங்கள், திருவெலும்பு சரியில்லை என்றால் எம்.ஆர்.ஐ. வரும்வரை காத்திருங்கள்.

ஐந்தாம் படி: சிறுநீர்ப்பையைக் காப்பாற்றுவது

யூரோடைனமிக்ஸ் அழுத்தம் அதிகம் என்றாலோ, பை காலியாகவில்லை என்றாலோ சிகிச்சை ஒன்றுதான்: குறித்த நேரத்துக்கு ஒருமுறை சிறு குழாய் விட்டுப் பையைக் காலி செய்வது. கேட்டதும் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் தானே செய்துகொள்ளக் கற்றுவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் 1972-இல் இந்த முறையை அறிவித்தபோது எதிர்ப்பு வந்தது. கிருமி நீக்கிய கையுறை, கிருமி நீக்கிய அறை எல்லாம் இல்லாமல் சாதாரணமாகச் சோப்பில் கை கழுவிவிட்டுக் குழாய் விடுவதா என்று கேட்டார்கள். அவருடைய வாதம் எளிமையானது. நிரம்பி விம்மிக் கிடக்கும் பையில் ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால்தான் கிருமி பெருகுகிறது. பையை அடிக்கடி காலி செய்தால் வெளியிலிருந்து வரும் சில கிருமிகளை உடம்பே சமாளித்துக்கொள்ளும். அவர் சொன்னது சரி என்பதை இந்த ஐம்பது வருடங்கள் காட்டிவிட்டன.

செய்முறை இப்படி. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பிறகே வீட்டில் தொடங்குங்கள்.

சோப்பு போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். சிறுநீர் வெளிவரும் இடத்தைச் சுத்தமான தண்ணீரால் துடையுங்கள், பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாக. குழாயின் முனையில் நீரில் கரையும் ஜெல் தடவுங்கள், எண்ணெய் வேண்டாம். மெதுவாக உள்ளே விடுங்கள். சிறுநீர் வந்ததும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, வடிவது முழுக்க நிற்கும்வரை பொறுத்திருங்கள். எடுக்கும்போது மெல்ல இழுங்கள், நடுவில் மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்தி வடிய விடுங்கள். தடை தட்டினால் பலவந்தம் கூடாது. கைக்குழந்தைகளுக்கு 6 அல்லது 8 எண் குழாய், நம் ஊரில் பாலூட்டும் குழாயையே பயன்படுத்துவது வழக்கம். வளர வளர எண் கூடும். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவார்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு மில்லி வந்தது, இடையில் நனைந்ததா என்று எழுதி வாருங்கள். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுக்குரிய பை அளவு தோராயமாகக் கிடைக்கும். நான்கு வயதுக்கு 150 மில்லி. எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைவிட அதிகமாக வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டு பல சோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் எடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிறுநீர் வெளியேறும் வாயிலுள்ள தசை இறுகியிருக்கும் பையை வெளியிலிருந்து அமுக்கினால் சிறுநீர் போக வழியில்லாமல் மேலே சிறுநீரகத்துக்கு ஏறும்.

குழாய் விடும் குழந்தையின் சிறுநீரைக் கல்ச்சர் செய்தால் பெரும்பாலும் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், வலி, புதிதாக ஒழுகுதல், துர்நாற்றத்தோடு சோர்வு என்று எதுவும் இல்லாதபோது அந்த அறிக்கைக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே போனால், நிஜமாகக் காய்ச்சல் வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது. காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும்.

பை இறுக்கத்தைத் தளர்த்த ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து கூடவே தரப்படும். வாய் உலரும், மலச்சிக்கல் கூடும், வியர்வை குறைவதால் கோடையில் உடம்பு சூடேறும். நம் சித்திரை வெயிலுக்கு இது முக்கியமான விஷயம், மதியத்தில் வெளியே விளையாட விடாதீர்கள். மருந்துக்கு அடங்காவிட்டால் பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி போடலாம். அதுவும் பலிக்காதபோது குடலின் ஒரு துண்டை வைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளும் முன், பையில் கல் உருவாவது, சளி அடைப்பது, வருடங்கள் கழித்து பி12 குறைவது போன்ற பின்விளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவைக்குப் பிறகும் குழாய் விடுவது நிற்காது. இதோடு சேர்த்துக் குடல்வாலைக் கொண்டு தொப்புளிலிருந்து பைக்கு ஒரு வழி அமைக்கலாம். பிரான்சின் பால் மித்ரொஃபனோஃப் 1980-இல் விவரித்த முறை. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை, உடையைக் கழற்றாமல் தானே குழாய் விட்டுக்கொள்ள முடியும்.

சிறு வயதிலிருந்து குழாயும் அறுவையுமாக வளரும் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். முடிந்தால் முதலிலிருந்தே லேடெக்ஸ் இல்லாத குழாய்களையே வாங்குங்கள்.

ஆறாம் படி: மலக்குடல்

சிறுநீரகம் உயிருக்கு முக்கியம் என்றால், பள்ளியில் தலைநிமிர்ந்து உட்காருவதற்கு மலக்கட்டுப்பாடுதான் முக்கியம். மலம் இறுகி அடைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பையும் சரியாகக் காலியாகாது, எனவே இதைத் தள்ளிப்போட முடியாது. மலத்தை இளக்கும் மருந்து, சாப்பிட்ட பிறகு தினமும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பது, தேவையானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடலைத் தண்ணீரால் கழுவுவது. கழுவும் முறை சரியாக அமைந்துவிட்டால் அடுத்த கழுவல் வரை துணி கெடாது. வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடல்வால் வழியாக மேலிருந்தே கழுவும் வழியை அமைத்துத் தரும் அறுவையும் இருக்கிறது, மலோன் 1990-இல் கொண்டுவந்தது.

ஏழாம் படி: கால், இடுப்பு, முதுகு

எலும்பு மருத்துவரிடம் போகும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த அறுவைக்குப் பிறகு என் பிள்ளையால் புதிதாக எதைச் செய்ய முடியும்?" படத்தில் எலும்பு நேராவது தனிப் பலன் அல்ல.

முதல் இரண்டு வகைக் குழந்தைக்கு இடுப்பு மூட்டு நழுவியிருந்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே சரிசெய்யலாம், நடக்கப்போகிறது அல்லவா. மூன்றாம் நான்காம் வகையில் கால் தசைகளே இயங்காதபோது நழுவிய மூட்டை இழுத்து வைப்பதால் உட்காருவது எளிதாகப் போவதில்லை, மாறாக மூட்டு விறைத்துப் போகலாம். வளைபாதத்துக்கு முதலில் பொன்செட்டி முறையில், அதாவது பாதத்தைப் படிப்படியாகத் திருத்தி, மாவுக்கட்டு. இந்தப் பாதங்கள் விறைப்பானவை, திரும்ப வளையும் என்பதால் பிரேஸ் போடுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முழங்கால் சவ்வு கடினமான பிரச்சினை. முடங்கிய காலை நீட்டும் அறுவைகள் பல இருந்தாலும் வளர்ச்சியோடு முடக்கம் திரும்பும். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் குட்டையாக இழுத்திருப்பதால் ஆபத்தும் உண்டு. மிகக் கடுமையான நிலையில், உணர்ச்சி இருந்தும் தசை இல்லாத காலை முழங்கால் மட்டத்தில் எடுத்துவிட்டுச் செயற்கைக்கால் பொருத்துவதை முன்பு அதிகம் பரிந்துரைத்தார்கள். அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கால்களோடு சக்கர நாற்காலியில் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு மையத்திலும் கருத்துக் கேளுங்கள்.

நான்காம் வகையில் முதுகெலும்பு இடுப்போடு பிணைப்பில்லாமல் ஆடும். உட்காரும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றினால்தான் நிலைக்கும் என்றால் கை விளையாட்டுக்கும் எழுத்துக்கும் ஒழியாது. முதுகெலும்பையும் இடுப்பையும் உலோகக் கம்பியாலும் எலும்பாலும் பிணைக்கும் அறுவை இதற்குத்தான். ஆனால் பிணைத்த பிறகு அந்த ஆட்டம் போய்விடுவதால், இடுப்பு மூட்டு மடங்காத குழந்தையால் முன்பு போலக் குனியவோ தவழவோ முடியாமல் போகலாம். இதில் நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. முதுகு வளைவு வேகமாகக் கூடுகிறது, மூச்சு பாதிக்கிறது என்றால் தயங்க வேண்டாம். மற்றபடி, தகுந்த இருக்கையும் உடல் அச்சில் செய்த தாங்கியும் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இவ்வளவுக்கும் நடுவே மறந்துபோகும் ஒன்று: இந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் முழு இயல்பானது. பிசியோதெரபிக்கு அலையும் காரணத்தால் பள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள்.

எட்டாம் படி: விடாத கண்காணிப்பு

வளரும் காலம் முழுக்கச் சிறுநீரக அல்ட்ராசவுண்ட், ரத்த அழுத்தம், தேவைப்படும் இடைவெளியில் யூரோடைனமிக்ஸ். கைக்குழந்தைப் பருவத்தில் அடிக்கடி, பிறகு குறைந்தது வருடம் ஒருமுறை. வேகமாக உயரும் வயதில், குறிப்பாகப் பருவமடையும் காலத்தில், இரட்டைக் கவனம். காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைகிறது, கால் தடுமாறுகிறது, பாதம் புதிதாக வளைகிறது, முதுகுவலி வருகிறது என்றால் தண்டுவடம் இழுபடுகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.யும் யூரோடைனமிக்ஸும் மறுபடி தேவை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிவு செய்து தொடங்கலாம். பிறவிக் குறையுள்ள குழந்தைகளை மேல்மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது அவர்கள் பணி. குழந்தை சிறுநீரக அறுவை, நரம்பியல், எலும்பு, மறுவாழ்வு ஆகிய பிரிவுகள் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அறுவைக்கு இடம் உண்டு என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் சிறு வயதிலேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்

இந்தக் குறைக்கு இன்றுவரை உறுதியாகத் தெரிந்த பெரிய காரணம் தாய்க்கு கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய். அத்தகைய தாய்மாருக்கு ஆபத்து ஏறக்குறைய 200 மடங்கு என்று சொல்லப்படுகிறது. மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், சர்க்கரை உள்ள தாய்மாரில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. இன்னொரு பக்கம், இந்தக் குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சர்க்கரை இல்லாதவர்கள். எனவே "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று தாயைக் கேட்கும் உறவினர்களை அங்கேயே நிறுத்துங்கள்.

திருவெலும்புப் பகுதி உருவாவது கரு உண்டான முதல் சில வாரங்களில், பல பெண்களுக்கு கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில். ஆறாம் மாதத்தில் கண்டுபிடிக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இதற்குக் காரணமாக முடியாது. அதனால்தான் சர்க்கரை உள்ள பெண் கர்ப்பத்துக்கு முன்பே ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும், 10-க்கு மேல் இருந்தால் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் ஆலோசனையோடு முன்கூட்டியே தொடங்குவார்கள். அது தண்டுவடக் குறைகளுக்கான காப்பு.

கருவில் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனில் முதுகெலும்பு சட்டென்று முடிவதும், கால்கள் தவளைபோல மடங்கி அசையாமல் இருப்பதும் தெரியலாம். சிறிய குறை அந்த ஸ்கேனிலும் தப்பலாம். இந்தியச் சட்டப்படி 2021 திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான கருக்குறை இருந்தால் 24 வாரத்துக்கு மேலும் மருத்துவ வாரியத்தை அணுக வழி உண்டு. அந்த முடிவு பெற்றோருடையது. முடிவெடுக்கும் முன் குழந்தை சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரோடு பேசி, இந்தக் குறையோடு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு இருப்பது குர்ராரினோ கோளாறு என்றால் கதை வேறு. அதற்குக் காரணம் பெரும்பாலும் எம்.என்.எக்ஸ்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம், பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வந்திருக்கலாம். அந்த மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வெறும் மலச்சிக்கல், இன்னொருவருக்கு எந்தத் தொல்லையுமே இல்லாமல் எக்ஸ்ரேயில் மட்டும் அரிவாள் வடிவ எலும்பு என்று மாறி மாறி இருக்கும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாருக்கும் ஒரு திருவெலும்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தால் அவருக்கு மட்டும் பிரசவம் முடிந்த பிறகு.